எட்டுச்செலவுக்கு வந்த அந்துப்பூச்சி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு உதவுகிற மாதிரி எதையாவது எழுதித் தரச் சொல்லி எங்கள் பூச்சியியல் அலுவலகத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுக்கிறார்கள். வலை வீசுவது எப்படி, பிடித்த பூச்சியை ஊசியில் குத்துவது எப்படி, பெட்டிக்குள் எறும்பு வராமல் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதைத் திருப்பி எழுத எனக்கு அலுப்பு. உண்மையைச் சொன்னால் இப்போது எனக்கு எல்லாமே அலுப்பாகத்தான் இருக்கிறது. முழங்கால் மடங்குவதில்லை. ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, மற்றதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்துப்பூச்சிகளுக்குப் பின்னால் திரிந்துதான் காலையும் கண்ணையும் பழுதாக்கினேன் என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வதில் பிழை இல்லை.

எனக்கு மேலே இருந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தன் பெயரை யாரும் சொல்வது அவருக்குப் பிடிக்காது. நான் சேர்ந்த புதிதில் ஊர்காவற்றுறையில் ஒரு மதிற்சுவரில் அபூர்வமான அந்து ஒன்றைக் கண்டேன். கையில் போத்தல் இல்லை. பார்த்ததை மனதில் பதித்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய், அவர் முன்னால் கதிரையில் இருந்து, நிறம், கோடு, புள்ளி என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். குடித்து முடிந்த பிறகு, "தங்கச்சி, ஊசியில இல்லாத பூச்சியைப் பற்றி என்னோட கதைக்கவேண்டாம்" என்றார். அன்று பேருந்தில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பிறகு பிறகுதான் அவருடைய நியாயம் விளங்கியது. ஆசை கண்ணை நன்றாக ஏமாற்றும். அபூர்வம் என்று நான் துள்ளியதில் முக்கால்வாசி, பிடித்துப் பார்த்தால் குப்பைமேட்டில் பறக்கிற சாதாரணப் பூச்சியாகத்தான் இருந்தது.

அந்த மனிதரின் சொல்லைச் சர்வீஸ் முழுவதும் கடைப்பிடித்தேன். ஒரே ஒரு நாள் கைவிட்டேன். அந்த நாளைப் பற்றித்தான் இது.

நான் சொல்லப்போகிற அந்து சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாம்பல் நிறம். இறகுச் செட்டையின் ஓரத்தில் வளைந்த ஒரு வெள்ளைக் கோடு. அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது உலகத்தில் எங்கள் நாட்டில் மட்டுமே உள்ளது. நாட்டிலும் வடக்குக் கரையோரத்தில் எங்கோ வெள்ளைக்காரர் காலத்தில் ஒருவர் பிடித்த ஒன்று, கடல் கடந்து ஒரு நூதனசாலைப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு அதை யாரும் பிடித்ததாகத் தெரியவில்லை. கரையோரத்து உப்புத் தரையில் வளரும் உமிரிச் செடியில்தான் அதன் புழு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். ஊகம்தான், கண்டவர் இல்லை.

நான் அதைத் தேடாத தீவு இல்லை. சாட்டிக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறவர்களுக்கு நடுவில் வலையோடு நின்று பகிடிக்கு ஆளாகியிருக்கிறேன். சண்டைக் காலத்தில் தேட முடியவில்லை. சண்டை முடிந்த பிறகு வாகனம் கிடைக்கவில்லை. வாகனம் கிடைத்தபோது எரிபொருள் கிடைக்கவில்லை. அரசாங்க வேலை உங்களுக்கும் போகப் போக விளங்கும்.

தீவுப் பகுதியில் எனக்குப் 'பூச்சி மிஸ்' என்று பெயர். நெடுந்தீவில் ஒருமுறை தோட்டக்காரருக்கு வகுப்பு எடுக்கப் போனபோது, சின்னராசா அண்ணை என்று ஒருவர் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். கூட்டுறவுக் கடை முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். கிழக்குக் கரைப் பக்கம் வீடு, கொஞ்சம் மாடு, அதைவிட்டால் வேலை இல்லை. அன்று தொடங்கியது எனக்குச் சனியன். விடிந்தால் முருகன் படத்தோடு காலை வணக்கம். பத்து மணிக்கு ஒரு கரப்பான், "இது விஷமோ மிஸ்?" என்ற கேள்வியோடு. பின்னேரம் ஒரு தும்பி, ஒரு சிலந்தி, சிலவேளை அவருடைய மாடு. அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் பத்துக்கு ஒன்றுக்குப் பதில் போடுவேன். அவர் சளைக்கவில்லை.

அப்படி வந்ததில் ஒன்று, கார்த்திகை மாத மழைக்குள் ஒரு காலையில், அவருடைய மாட்டுக் கொட்டிலின் சுண்ணாம்புச் சுவரில் இருந்த ஒரு சாம்பல் அந்து. படம் கொஞ்சம் கலங்கல். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கோட்டின் வளைவு சரியாக இருந்தது.

படம் மட்டும் காணாது. இதே சாம்பலில், ஏறக்குறைய இதே கோட்டோடு, வேறு இரண்டு அந்துகள் நாடு முழுவதும் பறக்கின்றன. மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் வயிற்றுப் பகுதியைத் திறந்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அதற்குப் பூச்சி கையில் இருக்க வேண்டும், செத்திருக்கவும் வேண்டும்.

நான் உடனே சின்னராசா அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மனிதர் பயந்துபோனார், விஷமாக்கும் என்று. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தன் கொட்டிலுக்குப் பின்னால் உள்ள தரவை வெளியில் ஒரு பெரிய உமிரிப் பத்தை இருக்கிறது, அங்கிருந்துதான் வந்திருக்கும், வாருங்கள், காட்டுகிறேன் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அந்தத் தரவையில் சுற்றுலா விடுதி கட்ட ஒரு கூட்டம் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு குழு கூடி அனுமதியைத் தீர்மானிக்கப் போகிறது.

அந்தக் குழுவில் எங்கள் அலுவலகத்துக்கும் ஓர் இடம் இருந்தது. அங்கே நான் ஒரு பூச்சியை மேசையில் வைத்தால், உலகத்தில் வேறெங்கும் இல்லாதது இங்கே இருக்கிறது என்று நிரூபித்தால், அந்தப் பத்தையை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்ல முடியும். விடுதிக்காரருக்கும் பெரிய நட்டம் இல்லை. வைக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. கணக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

பயணத்துக்கு அனுமதி கேட்டேன். வந்தது, அலுவலகத்துக்குரிய வேகத்தில். நானும் என்னோடு வேலை செய்த நிரோஜனும் குறிகட்டுவானில் படகு ஏறியபோது மார்கழி பிறந்துவிட்டது. குழுக் கூட்டத்துக்கு இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். நிரோஜன் அப்போது முப்பது வயதைத் தாண்டிய, கெட்டிக்காரத்தனம் நிறைந்த உத்தியோகத்தர். இந்த அந்துவின் மேல் என்னைவிட அவருக்கு வெறி. வாடைக்காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் பூச்சியைக் கொல்லும் நஞ்சுப் போத்தல் வைத்த பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாளாகக் காலை வணக்கம் வரவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். நிம்மதி என்றுதான் இருந்தேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சின்னராசா அண்ணை நெஞ்சு நோவென்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். நாங்கள் போன அன்றைக்கு எட்டுச்செலவு. அவருடைய மனைவி பவளக்கா முற்றத்துக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வாறியள் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்" என்றார். நான் பதில் போடாமல் விட்ட காலை வணக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

உடனே திரும்பிப் போகிறோம் என்றேன். அவர் விடவில்லை. வந்த வேலையைப் பாருங்கள், பொழுதுபட்டு மைமலில் படையலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இங்கேயே படுங்கள் என்று கட்டளை போட்டார். தானே எங்களைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்த் தரவையைக் காட்டினார். பத்தை சின்னராசா அண்ணை சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. மழையில் கொழுத்து, பச்சையும் சிவப்புமாக. அதைச் சுற்றி அளவைக்காரர் அடித்த கட்டைகளும் இருந்தன.

பகல் முழுவதும் தேடினோம். செடி செடியாகப் புரட்டினோம். ஒரு புழு இல்லை, ஒரு கூடு இல்லை. பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காற்றிலும் மழையிலும் வெளிச்சம் வைத்துப் பூச்சியை வரவழைப்பதை யோசிக்கவே முடியாது. விடியப்புறப் படகை விட்டால் அடுத்த படகு ஓடுமா என்பது சந்தேகம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். நனைந்த கோழிகள் மாதிரி இரண்டு பேரும் செத்தவீட்டுக்குத் திரும்பினோம்.

எட்டுச்செலவு உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எட்டாம் நாள், செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது விருப்பமானதையெல்லாம் சமைத்து, அறையில் வாழையிலையில் படைத்து, விளக்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. சின்னராசா அண்ணைக்கு மீன் பொரியல், கணவாய்க் கறி, ஒடியல் கூழ். அதோடு ஒரு கிளாசில் சாராயம். சாராயம் வைப்பதைப் பற்றி உறவினர் ஒருவர் முணுமுணுத்தார். பவளக்கா, "உயிரோட இருக்கேக்க ஒளிச்சுக் குடிச்ச மனுசன், இண்டைக்கெண்டாலும் வெளியால குடிக்கட்டும்" என்று வாயை அடைத்துவிட்டார்.

மகள் துஷி கனடாவில் இருந்தாள். ஏழு வயதில் சித்தியோடு போனவள். கலியாணத்துக்கு ஒருமுறை வந்துபோனதோடு சரி. தகப்பன் சாகும்போது அவளுக்கு நிறைமாதம், விமானத்தில் ஏற விடமாட்டார்கள். ஆகையால் அவள் கைத்தொலைபேசிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.

கதவைத் திறந்தார்கள். பவளக்கா முதலில் போனார். போனவர் அப்படியே நின்றார். பிறகு, "வந்திட்டார்" என்றார்.

சாராயக் கிளாசின் விளிம்பில் ஒரு அந்து இருந்தது.

"பார் பிள்ளை, வந்தவர் நேர எங்க போய் இருக்கிறார் எண்டு" என்று பவளக்கா தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்தபடியே அழத் தொடங்கினார். தொலைபேசிக்குள் துஷி "அப்பா, அப்பா" என்று விம்முவது எல்லோருக்கும் கேட்டது. கிளாசுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னாள். தன்னுடைய வயிற்றை அந்தப் பூச்சிக்குக் காட்டினாள். பார்த்துக்கொண்டு நின்ற ஆண்களும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

துடைத்த கண்ணால் கிட்டப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறம். ஓரத்தில் வெள்ளைக் கோடு. வளைவு, நான் கனவில் கீறக்கூடிய அதே வளைவு. எனக்கு இரண்டு அழுகை ஒன்றாக வந்தது. அதில் எது யாருக்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நிரோஜன் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூச்சு விடும் சத்தத்திலேயே விளங்கிவிட்டது, அவரும் கண்டுவிட்டார். எல்லோரும் சாப்பிடப் பந்தலுக்குள் போன பிறகு என்னை விறாந்தை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மிஸ், இப்ப அறைக்குள்ள ஒருத்தரும் இல்லை. போத்தலைக் கவிட்டா முடிஞ்சுது. பறந்து போட்டுது எண்டுதான் நினைப்பினம்."

அது ஒரு நொடி வேலை என்பது எனக்கும் தெரியும். யாருக்கும் நோகாது. துஷிக்கு அப்பா வந்துபோனவராகவே இருப்பார். பவளக்காவுக்கு நாங்கள் நல்லவர்களாகவே இருப்போம். பத்தை தப்பும். உலகத்தில் ஒரு உயிரினம் தப்பும். தேநீர் வாங்கித் தந்த அந்த மனிதர் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் "என்ன யோசிக்கிறாய்?" என்று ஏசியிருப்பார்.

ஆனால் அந்த வீட்டில் நான் சாப்பிட உட்காரப் போகிறேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குப் புருஷன் என்று தெரிகிற ஒன்றைக் களவாக எடுத்து நஞ்சுப் போத்தலுக்குள் போட்டுவிட்டு, அவர் போடும் சோற்றை என்னால் விழுங்க முடியாது. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தொண்டைக்குள் இறங்காது, அவ்வளவுதான்.

"கேட்டிட்டு எடுப்பம்" என்றேன்.

"கேட்டா தருவாவோ மிஸ்?" என்றார் நிரோஜன். அவர் கோபத்தில் சொல்லவில்லை. கெஞ்சினார்.

பவளக்கா குசினிக்குள் தனியாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பலகையில் இருந்து முழுவதையும் சொன்னேன். அண்ணை அனுப்பிய படம் இந்தப் பூச்சியுடையதுதான் என்று நினைக்கிறேன் என்றேன். உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றேன். நாளை மறுநாள் நடக்கிற கூட்டம், தரவை, கட்டைகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொண்டுபோய் என்ன செய்வியள்?"

"கொல்லவேணும், அக்கா."

"படம் எடுத்தாக் காணாதோ?"

"அண்ணை அனுப்பினதும் படம்தானே. அது காணாமல்தான் வந்தனாங்கள்."

அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டார். "எடுக்காட்டி?"

"தரவையைத் துப்புரவாக்கிப் போடுவினம். பத்தை இல்லாட்டி இது இனி இஞ்ச வராது. வேற எங்கையும் இருக்கோ எண்டும் எனக்குத் தெரியாது."

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கூட்டிச் சொல்லவும் இல்லை. அவரைத் தள்ளிவிடக்கூடிய ஒரு வசனம் என் வாயில் தயாராக இருந்தது: அண்ணை இருந்திருந்தால் தந்திருப்பார் என்று. அது உண்மை என்றுகூட நினைக்கிறேன். சொல்லவில்லை. எட்டாம் நாளில் ஒரு பெண்ணிடம் அவள் புருஷனின் வாயால் பேச எனக்கு உரிமை இல்லை.

"பிள்ளை அங்க போனைப் பிடிச்சுக்கொண்டு இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார் பவளக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அவர் ஒருக்காச் செத்திட்டார், மிஸ். இன்னொருக்காச் சாகக் குடுக்க என்னால ஏலாது."

"சரி அக்கா" என்றேன்.

நான் விறாந்தைக்கு வந்து தலையை ஆட்டியதும் நிரோஜன் விளங்கிக்கொண்டார். "வீட்டுக்குள்ள இருக்கும் மட்டும்தானே அவர். வெளியில பறந்தா பூச்சி" என்றார். ஏலாவாளித்தனமான நொண்டிச் சட்டம்தான், ஆனால் அவருடைய தவிப்பு எனக்குத் தெரிந்தது. நான் தடுக்கவில்லை. அவர் அறைக் கதவுக்கு நேரே வாங்குப் பலகையில் இருந்து காவல் காத்தார். காலையில் கிளாசில் பூச்சி இல்லை. எப்போது போனது, எந்த வழியால் போனது, ஒருவருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது படகில் நிரோஜன் சொன்னார். "மிஸ், ஒரு ஆளின்ர கவலை எண்டைக்கோ ஒரு நாள் ஆறும். இது ஒரு இனம். அழிஞ்சா அழிஞ்சதுதான்."

அவர் சொன்னது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அவர் இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறார். இதை வாசித்தால் அவருக்கு மறுபடியும் கோபம் வரும், வரட்டும்.

கூட்டத்தில் நான் படத்தை வைத்தேன். கலங்கலான ஒரு கைத்தொலைபேசிப் படம். பூச்சி எங்கே என்று கேட்டார்கள். எங்களால் எடுக்க முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அங்கே நான் எட்டுச்செலவையும் சாராயக் கிளாசையும் பற்றிப் பேசவில்லை. காலநிலை சரியில்லை என்றேன். யாரோ மெல்லச் சிரித்தார்கள். விடுதிக்காரரின் ஆள் மரியாதையாகத்தான் பேசினார், அந்துப்பூச்சிக்காக வேண்டுமென்றால் விடுதிச் சுவரில் ஒரு படம் கீறுகிறோம் என்றார். அனுமதி கிடைத்தது. மழை ஓய்ந்ததும் இயந்திரம் வந்து தரவையைச் சமன் செய்தது. அந்த வருஷமே நான் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் எனக்கு ஒரு மணிக்கூடு தந்தார்கள்.

உங்களுக்கு ஏதாவது பாடம் சொல்ல வேண்டுமென்றால் இதுதான் என்னிடம் இருக்கிறது. வேலைக்காக ஒருவர் வீட்டுக்குள் போனால் கேட்டு எடுங்கள். கேட்டால் இல்லை என்ற மறுமொழி வரக்கூடும். வந்தால் அதைக் காவிக்கொண்டு போய்க் கூட்டத்தில் வெறுங்கையோடு இருக்கத் தெரிய வேண்டும். அப்படி இருப்பது பெருமையாக இருக்காது. இளைப்பாறிய பிறகும் சில நாளில் நித்திரை வராது. நான் செய்தது சரி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது அந்த அந்துதானா என்பதே எனக்குத் தெரியாது. ஊசியில் இல்லையே.

அடுத்த மார்கழியில் சின்னராசா அண்ணையின் முதலாம் வருஷத் திவசமான ஆட்டைக்குப் பவளக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். போகாமல் இருக்க நோக்காடு எல்லாவற்றையும் காரணம் சொல்லிப் பார்த்தேன். துஷி குழந்தையோடு வருகிறாள், உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்றார். போனேன்.

கொட்டிலுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் இப்போது மரக்குடில்கள் வரிசையாகத் தெரிகின்றன. உமிரி இருந்த இடத்தில் ஊரில் இல்லாத புல் பச்சையாக வளர்ந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. பவளக்காவும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன், பின்கதவுக்கு முன்னால் அலுமாரியை நகர்த்தி வைத்திருந்தார்.

ஐயர் வந்து கிரியை முடித்துப் போனார். ஆட்டையில் கதவு சாத்துகிற வழக்கமெல்லாம் இல்லை. ஆனாலும் துஷி அடம் பிடித்து, தகப்பனுடைய படத்துக்கு முன்னால் ஒரு இலை போட்டு, ஒரு கிளாசில் சாராயமும் வைத்து, அறைக் கதவைச் சாத்தினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவடியில் நிலத்தில் இருந்தாள். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தாள். அவள் எதற்காக அவ்வளவு தூரம் பறந்து வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கதவைத் திறந்தாள். எல்லா இடமும் பார்த்தாள். இலை, கிளாஸ், படச் சட்டம், சுவர், கூரை வளை. பிறகு கதவை மறுபடி சாத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். மறுபடி திறந்தாள். ஒன்றும் இல்லை. குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

துஷி என்னிடம் வந்து, "மிஸ், உங்களுக்குத்தானே தெரியும். ஏன் அந்தப் பூச்சி இந்த முறை வரேல்லை?" என்று கேட்டாள்.

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

எனக்கு மறுமொழி தெரியும். பவளக்காவுக்கும் தெரியும், நானே அடுப்படியில் இருந்து சொன்னதுதான். அம்மா அன்று பூச்சியைத் தர மாட்டேன் என்றதால்தான் பத்தை அழிந்தது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சர்வீஸ் முழுவதும் பூச்சியைப் பற்றி ஒருவரிடமும் நான் பொய் சொன்னது கிடையாது.

"மழை பிந்திப் போச்சு, பிள்ளை" என்றேன். "நல்ல மழை பெய்தாத்தான் அது வெளிக்கிடும்."

அந்த முறை மழை ஐப்பசியிலேயே தொடங்கிக் கொட்டித் தீர்த்திருந்தது. கனடாவில் வளர்ந்து முந்தின நாள்தான் வந்திறங்கிய பிள்ளைக்கு அது தெரியாது. முற்றத்துக் கிணறு மேல் படி வரை நிரம்பி நின்றது. நெடுந்தீவில் ஆட்கள் வேறு எதில் பொய் சொன்னாலும் மழையில் சொல்ல மாட்டார்கள். கோடையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்.

பவளக்கா ஈரக் கையோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஓம் பிள்ளை" என்றார். "இந்த முறை மழை பிந்தித்தான் போச்சு."

"அப்ப அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு வாறன் அம்மா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு" என்றாள் துஷி.

"வா" என்றார் பவளக்கா, என் பக்கம் பார்க்காமல்.